வெற்றிடத்தையும் கட்டியவர்: கோணல் கட்டடங்களின் கலைஞர் டேனியல் லிபெஸ்கின்ட்

சிங்கப்பூரில் வேலை செய்யும் என் அத்தை மகன் சில வாரங்களுக்கு முன் ஒரு படம் அனுப்பியிருந்தார். கெப்பல் கடலோரத்தில் ஆறு கண்ணாடிக் கோபுரங்கள். ஒன்றாவது நேராக நிற்கவில்லை. ஒன்று இந்தப் பக்கம் வளைகிறது, அடுத்தது அதற்கு எதிர்ப்பக்கம் சாய்கிறது. உச்சியெல்லாம் கத்தியால் சரிவாகச் சீவிய கரும்பு போல் இருக்கிறது. "குடி போறதுக்கு முன்னயே வீடு சாஞ்சிருச்சு போல" என்று படத்தின் கீழே எழுதியிருந்தார்.

சிரம்பான், பகாவ், தம்பின் பக்கமிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருவோர் நம்மில் நிறைய பேர் உண்டு. செந்தோசா பக்கம் போனபோது இதே கட்டடத்தைப் பார்த்து இதே கேள்வியைக் கேட்டவர்களும் இருப்பார்கள். அதன் பெயர் ரிஃப்லெக்‌ஷன்ஸ் அட் கெப்பல் பே. 2011ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. 24 மாடியிலும் 41 மாடியிலுமாக ஆறு கோபுரங்கள், அவற்றின் காலடியில் கடலை ஒட்டித் தாழ்வான குடியிருப்புத் தொகுதிகள், மொத்தம் 1,129 வீடுகள். வடிவமைத்தவர் டேனியல் லிபெஸ்கின்ட். இன்று உலகில் பெயர் பெற்ற கட்டடக் கலைஞர்களில் ஒருவர்.

வசதி படைத்தவர்களின் கொண்டோ, நமக்கென்ன என்று விட்டுவிடலாம்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இவருக்குப் பெயர் வாங்கித் தந்தவை கொண்டோக்கள் அல்ல. காணாமல் போன மனிதர்களுக்காக இவர் எழுப்பிய கட்டடங்கள்தான். அவற்றைப் பற்றிப் படிக்கப் படிக்க, எங்கள் வீட்டுப் பழைய கதை ஒன்று திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அக்கார்டியன் வாசித்த பையன்

லிபெஸ்கின்ட் 1946ஆம் ஆண்டு போலந்தின் வூச் நகரில் பிறந்த யூதர். ஹிட்லரின் ஆட்கள் ஐரோப்பிய யூதர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றொழித்த காலம் முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. பெற்றோர் இருவரும் சோவியத் சிறை முகாம்களில் கிடந்து உயிர் பிழைத்தவர்கள். திரும்பி வந்து பார்த்தபோது உறவினர்களில் பெரும்பாலோர் இல்லை.

பையனுக்கு இசையில் நாட்டம். பியானோ வாங்கித் தந்திருக்கலாம். ஆனால் யூத வீட்டுக்குள் இவ்வளவு பெரிய பொருள் போகிறதே என்று அக்கம்பக்கத்தார் கண் வைப்பார்கள் என்று பெற்றோர் அஞ்சினர். மடக்கி எடுத்துப் போகக்கூடிய அக்கார்டியனை வாங்கிக் கொடுத்தனர். போர் முடிந்த பிறகும் அந்த அச்சம் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். பையன் அதையே வாசித்துப் பேர் வாங்கினான்.

1957இல் குடும்பம் இஸ்ரேலுக்குப் போனது. இரண்டு ஆண்டுகளில் அங்கிருந்து கப்பலேறி நியூயார்க். அம்மா துணித் தொழிற்கூடத்தில், அப்பா அச்சகத்தில் கூலி வேலை. மகன் நியூயார்க்கின் கூப்பர் யூனியன் கல்லூரியில் கட்டடக்கலை படித்து 1970இல் பட்டம் பெற்றார். அதன் பிறகு பல ஆண்டுகள் ஆசிரியர் வேலை, புரியாத வரைபடங்கள், கட்டுரைகள். ஒரு கட்டடம்கூடக் கட்டியதில்லை. காகிதத்திலேயே வீடு கட்டுகிறவர் என்ற கேலிப் பேச்சும் இருந்தது. முதல் கட்டடம் முடிந்தபோது அவருக்கு வயது 52.

கட்டடம் பேசுமா?

1988இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் ஏழு தரப்பினரின் வேலைகளை ஒன்றாக வைத்து ஒரு கண்காட்சி நடத்தியது. லிபெஸ்கின்ட் அதில் ஒருவர். பிராங்க் கெரி, ஸாஹா ஹதீத் போன்றோரும் இருந்தனர். அந்தக் கண்காட்சிக்குப் பிறகுதான் இவ்வகைக் கட்டடக்கலைக்கு ஒரு பெயர் நிலைத்தது. தமிழில் கட்டுடைப்புக் கட்டடக்கலை எனலாம். பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தபோது திறனாய்வு வகுப்பில் கட்டுடைப்பு என்ற சொல்லைக் கேட்டு விழித்ததுண்டு. கட்டடத்தில் அது இன்னும் எளிதாகப் புரிகிறது.

கட்டடம் பேசும் என்பது நெகிரி செம்பிலானில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல. அரசாங்க அலுவலகம் முதல் சாலையோர வளைவு வரை எருமைக் கொம்பு போல் இருபுறமும் மேலேறும் மினாங்கபாவ் கூரையை நாம் தினமும் பார்க்கிறோம். இது யாருடைய மண், எந்த வழக்கம் என்பதை அந்தக் கூரை சொல்லிவிடுகிறது. கோலப்பிலா பக்கம் ஸ்ரீ மெனாந்தியில் பழைய அரண்மனை இருக்கிறது. ஆணி அடிக்காமல் மரத்தையே கோத்து 1908இல் முடித்தது. அதில் 99 தூண்கள். மாநிலத்தின் பல்வேறு லுவாக்குகளைச் சேர்ந்த 99 வீரர்களை அவை குறிக்கின்றன என்பார்கள். ஒரு தூண், ஓர் ஆள். கட்டடத்தையே ஆள் கணக்காக மாற்றும் வழக்கம் நம் பக்கத்திலேயே இருக்கிறது.

ஆனால் அரண்மனையின் தூண்கள் நேராக நிற்கின்றன. சுவரும் சதுரம், கூரையும் இருபக்கமும் சமம். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, ஆட்சி நிலையாக இருக்கிறது என்று அது சொல்கிறது. எல்லாம் ஒழுங்காக இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தால் என்ன செய்வது? ஓர் ஊரின் மக்களில் ஒரு பகுதியினரைப் பிடித்துக்கொண்டு போய்க் கொன்ற பிறகு, அதே ஊரில் அவர்களுக்காக நேரான தூணும் அழகான வாசலும் வைத்துக் கட்டினால் அது பொய்யாகிவிடாதா? கட்டுடைப்புக் கட்டடக்கலையின் எல்லாக் கோணல்களுக்கும் இப்படி ஒரு காரணம் இருப்பதாக நான் சொல்ல மாட்டேன். பல வெறும் பகட்டுதான். லிபெஸ்கின்டின் பெர்லின் கட்டடத்துக்கு இருக்கிறது.

வாசல் இல்லாத அருங்காட்சியகம்

பெர்லினில் யூதர் அருங்காட்சியகம் அமைக்க நடந்த வடிவமைப்புப் போட்டியில் 1989இல் லிபெஸ்கின்ட் வென்றார். அதே ஆண்டு இறுதியில் பெர்லின் சுவர் இடிந்தது. நகரம் ஒன்றுபட்டது, பணம் பல பக்கம் தேவைப்பட்டது, திட்டம் நின்றுபோகும் நிலை வந்தது. அவரும் மனைவி நீனாவும் பெர்லினிலேயே தங்கி ஆண்டுக்கணக்கில் போராடினர். 1992இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1999இல் கட்டடம் முடிந்தது.

வேலையை அவர் தொடங்கிய விதம்தான் என்னை மிகவும் நிறுத்தியது. நாடு கடத்தப்பட்ட யூதர்களின் பெயர்ப் பட்டியலை ஜெர்மன் அரசாங்கத்திடமிருந்து வரவழைத்தார். இரண்டு தடித்த தொகுதிகள். கதை எதுவும் கிடையாது. பெயர், பிறந்த நாள், கொண்டு போன இடம் என வரிசை வரிசையாக. பிறகு பெர்லின் வரைபடத்தை விரித்து, அங்கு வாழ்ந்த யூதர்கள், ஜெர்மானியர்கள் சிலரின் வீட்டு முகவரிகளைக் குறித்து, அவற்றுக்கிடையே கோடு இழுத்தார். அந்தக் கோடுகள் கட்டடத்தின் வடிவத்துக்குள் போயின. திட்டத்துக்கு அவர் வைத்த பெயரே 'கோடுகளுக்கு நடுவே' என்பதுதான். (நாம் குடியிருந்த லயம் என்ற சொல்லுக்கும் வேர் 'லைன்' என்ற அதே ஆங்கிலச் சொல்தான்.)

மேலிருந்து பார்த்தால் கட்டடம் மின்னல் வெட்டியது போல் மடங்கி மடங்கி ஓடுகிறது. வெளியே முழுவதும் துத்தநாகத் தகடு, நம் பழைய லயக் கூரைத் தகரத்துக்கு ஒரு வகையில் சொந்தக்காரன். சன்னல்களை எண்ணி மாடிகளைக் கணக்கிட முடியாது. சுவரில் கீறல் விழுந்தது போல் சாய்ந்த கோடுகளாக அவை வெட்டப்பட்டிருக்கின்றன.

அதற்குத் தனி வாசல் இல்லை. பக்கத்தில் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பழைய நீதிமன்றக் கட்டடம் ஒன்று இருக்கிறது. அதற்குள் நுழைந்து, படியிறங்கி, நிலத்துக்கு அடியில் நடந்துதான் இதற்குள் வர வேண்டும். ஜெர்மன் வரலாற்றுக்குள் புகாமல் யூத வரலாற்றுக்குள் போக முடியாது என்பது அதன் பொருள்.

கீழே மூன்று பாதைகள் பிரிகின்றன. ஒன்று படியேறிக் கண்காட்சிக்குப் போகிறது. ஒன்று கனத்த கதவு ஒன்றில் முடிகிறது. திறந்து உள்ளே போனால் 24 மீட்டர் உயரமுள்ள வெறும் கான்கிரீட் கோபுரம். விளக்கில்லை, குளிர்காலத்தில் சூடேற்றும் வசதியும் இல்லை. எங்கோ மேலே ஒரு கீறல் வழியாக வெளிச்சம் விழுகிறது. வெளியே தெருச் சத்தம் கேட்கும், உங்களால் அங்கு போக முடியாது. மூன்றாவது பாதை நாடிழந்தோர் தோட்டத்துக்குப் போகிறது. சாய்வான தரையில் 49 கான்கிரீட் தூண்கள், ஒவ்வொன்றின் தலையிலும் மரம். நடந்தால் தலை சுற்றும், கால் தடுமாறும். ஊரை விட்டுக் கண்காணாத நாட்டில் இறங்கியவனுக்குக் கால் எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொல்லால் விளக்காமல் காலுக்கே காட்டிவிடுகிறார். 48 தூண்களில் பெர்லின் மண், ஒன்றில் மட்டும் ஜெருசலம் மண்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது கட்டடத்தின் நடுவே அடியிலிருந்து உச்சிவரை ஓடும் வெற்றிடங்கள். மொத்தம் ஐந்து. பெரும்பாலானவற்றுக்குள் யாரும் போக முடியாது. சிறு திறப்புகள் வழியாக எட்டித்தான் பார்க்கலாம். உள்ளே பொருள் இல்லை, படம் இல்லை, விளக்கப் பலகை இல்லை. அருங்காட்சியகத்தில் இடத்தை இப்படி வீணாக்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு. அங்கே வைக்க வேண்டிய பொருள்களும் அவற்றின் சொந்தக்காரர்களும் அழிக்கப்பட்டுவிட்டார்கள். அந்த இடத்தை வேறு எதையாவது கொண்டு நிரப்பினால்தான் தவறு.

கட்டி முடித்ததும், கண்காட்சிப் பொருள்கள் வருவதற்கு முன்பே, வெறும் கட்டடத்தைப் பார்க்க லட்சக்கணக்கானோர் வந்தனர். கண்காட்சியோடு பொதுமக்களுக்குத் திறக்க இருந்த நாள் 2001 செப்டம்பர் 11. அன்று நியூயார்க்கில் என்ன நடந்தது என்பது தெரிந்ததுதான். திறப்பு இரண்டு நாள் தள்ளிப்போனது.

இரட்டைக் கோபுரங்கள் விழுந்த அந்த இடத்தை மறுபடி அமைக்கும் முழுத் திட்டத்துக்கு 2003இல் தேர்வு பெற்றவரும் இவரே. ஆற்று நீர் உள்ளே புகாமல் தடுக்க நிலத்தடியில் கட்டியிருந்த தடுப்புச் சுவர் கோபுரங்கள் விழுந்த பிறகும் தாங்கி நின்றது. அதை மூடி மறைக்காமல் அப்படியே விட வேண்டும் என்றார். இன்றும் அங்குள்ள அருங்காட்சியகத்தில் அதன் ஒரு பகுதியைப் பார்க்கலாம். பெரிய கோபுரத்துக்கு அமெரிக்க விடுதலை ஆண்டை நினைவூட்டும் 1,776 அடி உயரத்தைச் சொன்னதும் அவர்தான். உயரம் மட்டும் நிலைத்தது. கோபுரத்தின் வடிவம் வேறொருவர் கைக்குப் போய்விட்டது. நில உரிமையாளர், குத்தகைதாரர், அரசாங்கம் என்று பல கை பட்ட திட்டம் அது.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் இராணுவ அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. பழைய ஆயுதக் கிடங்கு, வரிசைத் தூண்களோடு கம்பீரமானது. 2011இல் அதன் உடம்பைப் பிளந்துகொண்டு வரும் இரும்புக் கண்ணாடி ஆப்பு ஒன்றைச் செருகினார். 1945இல் அந்நகரத்தின் மேல் குண்டுமழை எங்கே தொடங்கியதோ அந்தத் திசையை ஆப்பின் முனை காட்டுகிறது. இராணுவப் பெருமை பேசும் இடத்தில் போர் என்ன செய்யும் என்பதையும் பேச வைத்துவிட்டார்.

எல்லாம் வெற்றி என்று சொல்வதற்கில்லை. கனடாவின் டொரோண்டோ நகரில் அருங்காட்சியகம் ஒன்றுக்கு 2007இல் கட்டிய பளிங்குக் கல் போன்ற முகப்பு கடும் வசை வாங்கியது. எல்லாச் சுவரும் சாய்ந்திருந்தால் பொருளை எங்கே வைப்பது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பெர்லினில் கோணல் இருந்ததற்கு அங்கே ஒரு சோகம் இருந்தது. டைனோசர் எலும்புக்கும் விலையுயர்ந்த கொண்டோவுக்கும் அதே கோணல் எதற்கு? என் அத்தை மகனின் கிண்டலில் உண்மை இருக்கிறது. ஒருவர் வலியிலிருந்து கண்டெடுத்த வடிவம் பிறகு அவருடைய கடை முத்திரையாகிவிட்டது.

ஆயிரம் வெற்றுச் செங்கற்கள்

ஆனால் 75 வயதில் அவர் மறுபடி எளிமைக்கு வந்தார். 2021 செப்டம்பரில் ஆம்ஸ்டர்டாமில் பெயர்களின் நினைவிடம் திறக்கப்பட்டது. நெதர்லாந்திலிருந்து கொண்டுபோய்க் கொல்லப்பட்ட யூதர்களும் ரோமா, சிந்தி நாடோடி இனத்தாரும் 1,02,000 பேருக்கு மேல். ஒருவருக்கு ஒரு செங்கல். செங்கல்லில் பெயர், பிறந்த நாள், இறந்தபோது வயது, அவ்வளவே. தலைக்கு மேல் உயரும் செங்கல் சுவர்களுக்கு நடுவே நடந்து, தன் குடும்பத்தாரைத் தேடிக் கண்டுபிடித்துக் கையால் தடவிப் பார்க்கிறார்கள். 50 யூரோ கொடுத்து ஒரு பெயரை ஏற்றுக்கொள்ளலாம் என்று மக்களிடம் நிதி திரட்டினார்கள்.

அந்தச் சுவரில் 1,000 செங்கற்களில் எதுவும் எழுதப்படவில்லை. பெயர்கூடத் தெரியாமல் போனவர்களுக்காக அவை.

வீட்டுக் கதையை இங்கேதான் சொல்ல வேண்டும். என் பாட்டி பிறந்தது பகாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். ஜப்பான்காரன் காலத்தில் அவருக்கு ஐந்து வயது இருக்கும். அவருடைய மூத்த அண்ணன் ஒரு நாள் சயாமுக்குப் போனார். திரும்பவில்லை. அவர் பேர் என்ன பாட்டி என்று பள்ளிக்கூடக் காலத்தில் ஒருமுறை கேட்டேன். "பெரியண்ணேனு கூப்புடுவோம்" என்றார். அதுதான் பெயர். பெற்றோர் போய்ச் சேர்ந்தபின் வேறு பெயர் தெரிந்தவர் யாரும் இல்லை. ஒரு படமும் இல்லை. அந்த லயமும் இப்போது இல்லை, செம்பனை நிற்கிறது.

சயாம் மரண ரயிலைப் பற்றி நம் வாசகர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் பாதை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. மலாயாவிலிருந்து கொண்டு போகப்பட்டோர் 70 ஆயிரத்துக்கும் மேல் என்பது பரவலான கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். இறந்தோர் எத்தனை என்பதில் ஆய்வாளர்களின் எண்கள் ஒத்துப்போவதில்லை. மிகக் குறைந்த மதிப்பீடே பல்லாயிரம்.

காஞ்சனபுரியில் நட்பு நாட்டுப் போர்க் கைதிகளுக்கான கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறக்குறைய 7,000 கல்லறைகள், பெரும்பாலானவற்றில் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள். இராணுவம் என்பதால் அவர்களுக்குப் பட்டியல் இருந்தது. நம்மவர்களுக்குப் பட்டியல் யார் போட்டார்கள்? செக்ரோலில் பெயர் இருந்திருக்கும். வெள்ளைக்காரத் துரைமார் ஓடிப்போன தோட்டங்களில் அந்தச் செக்ரோல் என்னவாயிற்று? இறந்த வீரனுக்குக் கல் நட்டு, அதில் பெயர் பொறித்து வழிபடும் முறையைத் தொல்காப்பியமே படிப்படியாக வகுத்துச் சொல்கிறது. அந்த மரபில் வந்தவர்களுக்கு நெடுங்காலம் ஒரு கல் இல்லை. அ. ரெங்கசாமி அவர்களைப் பற்றி எழுதிய நாவலுக்கு 'நினைவுச் சின்னம்' என்றே பெயர் வைத்தார். அண்மைக் காலத்தில்தான் தமிழ் அமைப்புகளின் முயற்சியால் காஞ்சனபுரியில் நடுகல் ஒன்று எழுந்தது.

நடுகல் எல்லாருக்கும் சேர்த்து ஒன்று. ஆம்ஸ்டர்டாமில் இருப்பது ஆளுக்கு ஒன்று. இரண்டுக்கும் இடையில் இருப்பது பெயர்ப் பட்டியல். லிபெஸ்கின்டுக்கு அந்தப் பட்டியல் கையில் கிடைத்தது. பெர்லினில் அதை வைத்துத்தான் தொடங்கினார், ஆம்ஸ்டர்டாமில் அதையே சுவராக்கினார். நம்மிடம் கட்டடக் கலைஞர்கள் இருக்கிறார்கள், பணமும் எப்படியாவது சேரும். பட்டியல் மட்டும் இல்லை. அதைச் சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது 85, 90 வயது.

சென்ற வாரம் பாட்டியிடம் மறுபடி கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பெயர் வரவில்லை. ஆனால் அண்ணன் எந்தத் திவிஷனில் பால் வெட்டினார், அவருக்கு வலது காது மடலில் ஒரு வெட்டுத் தழும்பு இருந்தது, போகும்போது அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார் என்று மூன்று விஷயம் சொன்னார். எழுதி வைத்திருக்கிறேன்.

உங்கள் குடும்பத்திலிருந்து சயாமுக்குப் போனவர்கள் இருந்தால், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு இந்தப் பக்கத்துக்கு எழுதுங்கள். பெயர், உறவு முறை, தோட்டத்தின் பெயர் போதும். தோட்டம் இப்போது தாமானாகவோ தொழிற்பேட்டையாகவோ மாறியிருந்தாலும் பழைய பெயரையே எழுதுங்கள். பெயர் தெரியவில்லை என்றால், தெரிந்ததை எழுதுங்கள்.